ஐம்பது சீவச் சொன்னது

சீனியை ஏசுவதற்கு எங்கள் தாமானில், அதாவது இந்தக் குடியிருப்பில், என்னைவிட உரிமை உள்ளவர்கள் யாரும் கிடையாது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும், நான் கருவாடு பொரித்தால் அவனுக்கு மணக்கும். செமோருக்கு அப்பால், ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை நட்ட தோட்டத்துக்குப் பின்னால், லயத்தை இடித்தபோது எங்களுக்குக் கொடுத்த கல்வீடுகள் இவை. தாமானுக்கு மலாயில் அழகாக ஒரு பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் இன்னமும் தோட்டத்துப் பழைய பேரில் மேல் டிவிசன் என்றுதான் சொல்கிறோம். பெரிய ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் பனைகளுக்கு நடுவே செம்மண் பாதையில் ஏறி இறங்க வேண்டும். பஸ் கிடையாது. போனில் கூப்பிடுகிற வாடகைக் கார்க்காரன் எங்கள் இடத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்று தட்டிவிடுவான். சீனியின் பழைய வேன் ஒன்றுதான் எல்லோருக்கும் கால்.

எல்லோருக்கும் என்று சும்மா சொல்கிறேன். அந்த வேன் ஓடியதெல்லாம் குமுதாவுக்காகத்தான். சீனியின் மனைவி. சர்க்கரை வந்து, சர்க்கரை கிட்னியைத் தின்று, திங்கள் புதன் வெள்ளி மூன்று நாளும் ஈப்போவில் சிலிபினுக்குப் போய் ரத்தம் கழுவிக்கொண்டு வர வேண்டிய நிலைமை. கழுவி முடித்து எழுந்தால் தலை சுற்றும். பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். கையுறைத் தொழிற்சாலையில் என்னை நிறுத்திவிட்ட பிறகு எனக்கும் வேறு வேலை இல்லை.

சிலிபினில்தான் குமுதாவின் அண்ணன் தேவன் இருக்கிறான். அடுக்குமாடியில் கீழ் வீடு, அங்கிருந்து அந்தக் கிட்னி சென்டருக்கு நடந்தே போய்விடலாம். தங்கச்சியை என் வீட்டில் விடு என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். சீனி மசியவில்லை. "எம் பொண்டாட்டிய கொண்டு போயி கொண்டு வர எனக்குத் தெரியும்லா" என்பான். அந்த வீட்டில் இருப்பதே இரண்டு அறை, அதில் தேவனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். குமுதா வேண்டுமானால் பிள்ளைகளோடு படுத்துக்கொள்ளலாம், மாப்பிள்ளை எங்கே படுப்பான்? ஆக, வேன் ஓடுகிற வரைக்கும் குமுதா மேல் டிவிசனில் இருப்பாள். வேன் நின்றால் போய்விடுவாள். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

அந்த வேன்தான் புகைய ஆரம்பித்தது. எண்ணெயைக் குடித்தது. ஒரு நாள் தாசேக் பக்கம் சூடாகி நின்றும் போனது. சீனி செமோரில் ஒரு பட்டறையில் வேலை செய்பவன், பெரிய மெக்கானிக் என்று பேரெடுத்தவன். வீட்டு வாசலில் கித்தான் கட்டி இஞ்சினைப் பிரித்தான். பிஸ்டன் நான்கும் தேய்ந்து கிடந்தன. சூட்டில் இஞ்சினின் மேல்மண்டை வளைந்து போயிருந்தது. அந்த வேனுக்கு அசல் பிஸ்டன் செய்வதை நிறுத்தி வெகு காலமாகிறது. சாமான் கடையில் தைவான் பிஸ்டன் ஒரு செட் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தவன் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். பழைய பிஸ்டனின் தலை தட்டையாக இருந்தது. புதியதில் நடுவில் மேடு.

மேடு இருந்தால் என்ன, கழுதை, மாட்டிவிடு என்றேன். அப்படி மாட்ட முடியாதாம். எனக்குப் புரிந்த மட்டில் விஷயம் இதுதான். பிஸ்டன் கீழே இறங்கி நிற்கும்போது அதற்கு மேலே எவ்வளவு இடம், அது மேலே ஏறி நிற்கும்போது எவ்வளவு இடம் மிச்சம், முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஓர் எண் வரும். காற்றையும் பெட்ரோலையும் எத்தனை மடங்கு நசுக்குகிறது என்று அந்த எண் சொல்லும். அதைக் கம்ப்ரஷன் என்கிறார்கள். எங்கள் வேனுக்கு அது ஒன்பதரை. பத்தரை வரைக்கும் தொண்ணூற்றைந்து என்கிற சாதாரணப் பெட்ரோல் தாங்குமாம். அதற்கு மேலே போனால் கண்ட நேரத்தில் உள்ளே வெடித்து இஞ்சினையே தின்றுவிடுமாம். பிஸ்டனில் மேடு இருந்தால் மிச்சம் இருக்கிற இடம் குறையும், எண் கூடும். அதனால் அளந்து பார்க்காமல் மாட்டக் கூடாது.

அளப்பதற்கு அவன் எடுத்தது குமுதாவின் ஊசி. அவள் தினமும் குத்திக்கொள்கிற சின்ன ஊசி இல்லை. சென்டரில் மிஸ்ஸியிடம், நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம், கெஞ்சி வாங்கி வந்த பெரிய ஊசிக்குழாய். மேல்மண்டையைக் கவிழ்த்து வைத்து, அதில் பிஸ்டனுக்கு நேராக இருக்கிற குழியின் விளிம்பில் கிரீஸ் தடவி, ஓட்டை போட்ட கண்ணாடித் தகட்டை மூடி, ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக எண்ணெயை இறக்கினான். குழி நிறைய எத்தனை சிசி பிடிக்கிறது என்று அவன் சொல்லச் சொல்லக் குமுதா எழுதினாள். பிறகு பிஸ்டனின் மேட்டையும் அதே மாதிரி எண்ணெய் ஊற்றி அளந்தான். மத்தியான வெயில் கித்தானுக்கு மேலே காய்ந்தது. அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு உண்டு, தாகம் எடுத்தால் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள்வாள். அப்படி ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, இத பாருங்களேன். அங்க மிஸ்ஸி என் ஒடம்புல தண்ணிக் கணக்குப் பாக்குது. இங்க இவரு வண்டி ஒடம்புல எண்ணக் கணக்குப் பாக்குறாரு. ரெண்டு பேருக்கும் ஒரே சீக்கு போல."

"உனக்கு நான் இருக்கேன், வண்டிக்கும் நான்தான்லா இருக்கேன்" என்றான் சீனி, தலை நிமிராமல். அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

கணக்கு ஒழுங்காகத்தான் வந்தது. மேட்டைக் கழித்த பிறகும் எண் பத்தைக் கொஞ்சம் தாண்டித்தான் நின்றது. வளைந்த மண்டையைத் தட்டையாக்க அரை மில்லிமீட்டர் சீவியாக வேண்டும். அதைப் பாப்பாஸ் பண்ணுவது என்பார்கள். சீவினால் குழி ஆழம் குறையும், எண் இன்னும் ஏறும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து வகுத்துச் சீனி பெருமூச்சு விட்டான்.

"பத்தரக்கா. சரியா பத்தர. அதுக்கு மேல ஒரு மயிரு கூட ஏறக் கூடாது."

பட்டறைப் பேச்சில் அரை மில்லிமீட்டருக்கு ஐம்பது என்று பேர். ஒரு மில்லியை நூறாகப் பிரித்தால் அதில் ஐம்பது. சீனியும் அவன் வயதுக்காரர்களும் மில்லி என்ற சொல்லை வாயில் எடுக்கவே மாட்டார்கள். இருபது என்பார்கள், ஐம்பது என்பார்கள், அவ்வளவுதான்.

மெங்லெம்புவில் ஒரு சீனக் கிழவரின் கடைசல் பட்டறை. சீனி வழக்கமாகக் கொடுக்கிற இடம். சீனி வேலை செய்கிற செமோர் பட்டறையின் முதலாளியிடம் இரவல் வாங்கிய காரில் போனோம், மொத்தக் கடையில் எனக்குப் பருப்பு வாங்க வேண்டியிருந்ததால் நானும் தொற்றிக்கொண்டேன். எப்போதும் வேலையை வாங்கிச் செய்கிற மகன் அன்று பினாங்குக்குப் போய்விட்டானாம். கிழவர்தான் பனியனோடு வந்தார். மண்டையைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, பெராப்பா என்றார், எவ்வளவு என்று. சீனி லிமா புலோ என்றான். மலாயில் ஐம்பது. கிழவர் லிமா புலோ என்று திருப்பிச் சொல்லித் தலையாட்டினார். இதை நான் என் காதால் கேட்டேன். இரண்டு பேரும் தெளிவாகத்தான் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை அந்த இரவல் காரில் குமுதாவைக் கொண்டு போய் வந்தோம். அதோடு கார் முதலாளியிடம் திரும்பிவிட்டது. மண்டை கையில் கிடைத்தபோது ஞாயிறு மத்தியானம். குமுதாவுக்கு முகம் ஊதத் தொடங்கியிருந்தது, வெள்ளிக்குப் பிறகு இரண்டு நாள் கழுவாததால் ஞாயிற்றுக்கிழமை எப்போதும் அப்படித்தான். மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கிரீஸ், தகடு, ஊசி என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்து மறுபடி அளக்க நேரமில்லை. கணக்குத்தான் போட்டாச்சே, அதே கணக்குத்தானே என்று சொல்லிக்கொண்டே அவன் ஆணிகளை முறுக்கினான். மழை கொட்ட ஆரம்பித்த நேரம் இஞ்சின் ஓடியது. புகை இல்லை. சீனியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது.

திங்கள் காலையில் கிளம்பினோம். முன்னால் குமுதா, பின்னால் நான். சமதரையில் வேன் வழுக்கிக்கொண்டு போனது. செம்மண் மேட்டில் ஏறும்போது, டக் டக் டக் என்று ஆணியைத் தகரத்தில் கொட்டி உலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். முதலில் கேட்டவள் குமுதா. என்னங்க அது என்றாள். சீனி ஓரமாக நிறுத்தி, இறங்கி, எதையோ திருகிவிட்டு வந்தான். சத்தம் கொஞ்சம் அடங்கியது. பெரிய ரோட்டைப் பிடித்தோம். வேனுக்கு இழுவை இல்லை, சூட்டு முள் ஏறிக்கொண்டே போனது. சீனி அந்த முள்ளைப் பார்த்தான், நான் குமுதாவின் கழுத்தைப் பார்த்தேன். அவள் மூச்சு விட ஆரம்பித்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

பாதி வழியில் பட்டென்று ஒரு சத்தம். முன்னால் வெள்ளையாக ஆவி. வேன் நின்றுவிட்டது. மழை பிடித்துக்கொண்டது.

 ஆம்புலன்சுக்குப் போன் அடித்தோம், வருகிறது என்றார்கள். தேவனுக்கு அடித்தோம், மேரு பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டேன், வாரேன் என்றான். போகிற கார்களுக்குக் கை காட்டினேன். ஒன்றும் நிற்கவில்லை. சீனி பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றான். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? அவன் கையில் ஸ்பேனர் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எதைத் திருகுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. குமுதாவால் சாய முடியவில்லை, சாய்ந்தால் மூச்சு முட்டியது. முன்னால் குனிந்து இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். நுரையீரலில் தண்ணீர் ஏறினால் அப்படித்தான் இருக்கும் என்று மிஸ்ஸி எனக்கு முன்பே சொல்லியிருக்கிறாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். தடவினால் தண்ணீர் இறங்குமா?

"அத மூடிட்டு உள்ள வாங்க" என்றாள் குமுதா, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தி. "நனையுறீங்க."

அவன் மூடவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. அழுதானா, மழையா, எனக்குத் தெரியவில்லை.

தேவன்தான் முதலில் வந்து சேர்ந்தான். அவன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆக்சிஜன் வைத்து, அவசரமாக ரத்தம் கழுவி, தண்ணீரை எடுத்தார்கள். பிழைத்துவிட்டாள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் சீனி ஈரத்தோடு உட்கார்ந்திருந்தான். தேவன் அவன் முன்னால் போய் நின்றான். அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"மாப்ள, போதும்" என்றான். "இனிமே அவ எங்கிட்ட இருக்கட்டும்."

"வண்டி சரியாவுற வரைக்கும்" என்றான் சீனி.

"சரி. வண்டி சரியாவுற வரைக்கும்."

வேனைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டார்கள். மண்டைக்கும் இஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் கிழிந்து போயிருந்தது. பிஸ்டன்கள் தப்பித்துவிட்டன. சீனி ஊசிக்குழாயை எடுத்து மறுபடியும் குழியை அளந்தான். எழுத ஆள் இல்லை, நான் எழுதினேன். முன்பு பிடித்ததைவிட எண்ணெய் எவ்வளவோ குறைவாகப் பிடித்தது. நான்கு குழியிலும் அப்படியே. வகுத்துப் பார்த்தால் பத்தரை இல்லை, பதினொன்றையும் தாண்டி நின்றது. என் கணக்குத் தப்பா, என் கணக்குத் தப்பா என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு என்ன தெரியும்?

மறுநாள் அவன் மோட்டார் சைக்கிளில் மெங்லெம்புவுக்குப் போனோம். கிழவரை ஒரு வாங்கு வாங்குவது என்று சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டுதான் போனேன். சீனி மண்டையை மேசையில் வைத்து, ஐம்பதுதானே சொன்னேன் என்றான். ஐம்பதுதான் சீவினேன் என்றார் கிழவர். பினாங்கிலிருந்து திரும்பி வந்திருந்த மகன் அளவுகோலை எடுத்து வந்து பிடித்துப் பார்த்தான். பார்த்துவிட்டு அப்பனின் முகத்தைப் பார்த்தான். பிறகு எந்திரத்தின் பக்கம் கையை நீட்டினான். அது வெள்ளைக்காரன் காலத்து எந்திரம். அதன் சக்கரத்தில் போட்டிருப்பதெல்லாம் இஞ்ச் அளவு. ஓர் இஞ்சை ஆயிரமாகப் பிரித்தால் வருவதைத் தவ் என்பார்கள். கிழவருக்கு வாழ்நாள் முழுக்க ஐம்பது என்றால் ஐம்பது தவ். மில்லியில் அது ஒன்றேகாலுக்கும் மேலே. மகன் மட்டும் வருகிறவர்கள் சொல்வதை மில்லிக் கணக்காக எடுத்துக்கொண்டு இஞ்சுக்கு மாற்றிக்கொள்வானாம். அதை அப்பனுக்குச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

கிழவர் சண்டைக்கு வரவில்லை. மண்டையின் மேலே விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மெதுவாக இழுத்தார்.

"நீ சொன்னது அம்பது, நான் வெட்டுனதும் அம்பது" என்றார் மலாயில். "வெட்டியாச்சு. திரும்ப ஒட்ட முடியாது."

எனக்குத் திட்டுவதற்கு ஆளே இல்லாமல் போய்விட்டது. ஒரே சொல்லை இரண்டு பேர் சொன்னார்கள், இரண்டு பேரும் சரியாகத்தான் சொன்னார்கள், நடுவில் குமுதா செத்துப் பிழைத்தாள். இதற்கு யாரை ஏசுவது?

வேறு மண்டை தேடி அலைந்தான் சீனி. பழைய சாமான் கடைகளில் அந்த மாதிரி வேனே இல்லை என்றார்கள். சித்தியவானில் ஒன்று இருப்பதாக யாரோ சொல்ல, மோட்டாரில் போய்க் கட்டிக்கொண்டு வந்தான். துடைத்துப் பார்த்தால் விரிசல். கடைசியில் மிச்சம் இருந்த வழி, சீவிப் போன உயரத்துக்கு ஈடாகக் கெட்டியான செப்புத் தகட்டில் கேஸ்கட் வெட்டச் சொல்லி வைப்பது. வெட்டுகிறவன் கோலாலம்பூரில். இந்த வாரம் என்றான், அடுத்த வாரம் என்றான், பெருநாள் வந்தது, கடையைப் பூட்டிவிட்டான். சீனி தினமும் வேலை முடிந்து வந்து கித்தானைத் தூக்கி இஞ்சினைப் பார்ப்பான், மறுபடி மூடுவான். அவனுக்கு ஒரு வாய் சோறு கொடுப்பது என் வேலையாயிற்று. கொடுத்தால் தின்பான், கொடுக்கவில்லை என்றால் கேட்க மாட்டான்.

சாயங்காலங்களில் மோட்டாரில் சிலிபினுக்குப் போவான். தேவன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குமுதாவோடு பேசிவிட்டு வருவான். என்னப்பா பேசினீர்கள் என்று கேட்டால், கேஸ்கட்டைப் பற்றி என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவர் காரில் இடம் கிடைத்து நானும் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையில் ஊதாத முகத்தோடு குமுதாவை அன்றுதான் பார்த்தேன். நடை தெளிந்திருந்தது. தேவன் மனைவி உப்பில்லாமல் வெண்டைக்காயை வதக்கிப் போட்டிருந்தாள், இவளும் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். சாப்பிட்ட பிறகு என்னைப் பின்பக்கம், துணி காயப் போடுகிற இடத்துக்குக் கூட்டிப் போனாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். அவர்ட்ட சொல்லக் கூடாது" என்றாள். "இங்க கழுவி முடிச்சதும் நடந்து வந்து படுத்துர்றேன். தலசுத்து இல்ல, வாந்தி இல்ல. அங்க அந்தச் செம்மண் மேட்டுல குலுங்கிக் குலுங்கி வரும்போது ஒவ்வொரு தடவயும் செத்துத்தான்கா வருவேன். நீங்க பின்னால இருப்பீங்க, ஒங்களுக்குத் தெரியாது. அவரு ஓட்டிக்கிட்டே என்னயத் திரும்பித் திரும்பிப் பாப்பாரு. அந்த மூஞ்சிய பாத்துட்டு எப்டிக்கா சொல்றது?"

அவர் கேஸ்கட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கிறாரே என்றேன். 

"தெரியும்கா" என்றாள். "தினம் அதத்தான் சொல்றாரு."

அவளும் சொல்ல மாட்டாள், என்னையும் சொல்லக் கூடாது என்கிறாள். நான் வாயாடி என்று இந்த ஊருக்கே தெரியும். வீட்டுக்கு வந்து சீனிக்குச் சோறு போடும்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவன் போனில் செப்புத் தகட்டின் படத்தைக் காட்டி, பாருங்கக்கா எவ்வளவு சுத்தமா வெட்டியிருக்கான், புதன்கிழமை லாரியில் வந்துரும் என்றான். ரசத்தை ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.

கேஸ்கட் வந்தது. இந்தத் தடவை அவன் ஊசிக்குழாயைக் கீழே வைக்கவே இல்லை. ஒவ்வொரு குழியையும் திரும்பத் திரும்ப அளந்தான், தகட்டின் கனத்தையும் சேர்த்துக் கூட்டினான், வகுத்தான். பத்தரைக்குக் கீழேதான் வந்தது. மாட்டி ஓட்டினான். செம்மண் மேட்டில் ஆள் ஏற்றாமல் ஏறிப் பார்த்தான், பிறகு அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஏறிப் பார்த்தான், பிறகு என்னை ஏற்றினான். ஒரு தட்டு, ஒரு முனகல் இல்லை. கெட்டிக்காரன்தான், அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

அடுத்த ஞாயிறு சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, முன் சீட்டில் தலையணையும் ஒரு துண்டும் வைத்துக்கொண்டு கிளம்பினான். நானும் வர வேண்டும் என்றான். போனேன். போகாமல் எப்படி இருப்பது?

வாசலில் வேனைப் பார்த்ததும் தேவன் என்னைப் பார்த்தான். குமுதா என்னிடம் சொன்னது அவனுக்கும் தெரிந்திருக்கிறது. குமுதா உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். பை எதுவும் எடுத்துவரவில்லை. அதைச் சீனி கவனித்தானோ என்னவோ. கதவைத் திறந்து, கையைப் பிடித்து ஏற்றி, தலையணையை அவள் முதுகுக்குச் சரியாக வைத்தான்.

"ஒரு ரவுண்டு போலாம்" என்றாள் அவள்.

கடைத்தெரு வழியாகப் போனோம், கோயிலைச் சுற்றினோம். மேம்பாலத்தில் ஏறியபோது சீனி வேண்டுமென்றே காலை அழுத்தினான். வேன் குழைந்து ஏறியது. ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்து அவள் கேட்டாள்.

"சத்தமே இல்லங்க" என்றாள். "நல்லா செஞ்சிருக்கீங்க."

"பத்தர கூட இல்ல, அதுக்கும் கொஞ்சம் கொறச்சல்தான்" என்றான் சீனி. "இனிமே தட்டாது. நான் பொறுப்பு."

அவள் அவன் தோளில் கையை வைத்தாள். பாலம் இறங்குகிற வரைக்கும் கை அங்கேயே இருந்தது. இறங்கியதும் செமோருக்கு நேராகப் போக வேண்டும், சிலிபினுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். சிவப்பு விளக்கு. சீனி எந்தப் பக்கமும் சிக்னல் போடாமல் நின்றான்.

"திருப்புங்க" என்றாள் குமுதா, மெதுவாக. "நாளைக்குக் கழுவணும்ல. இங்கேருந்தே போயிர்றேன்."

விளக்கு பச்சையானது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். சீனி சிக்னலைப் போட்டான்.

தேவன் வீட்டு வாசலில் நிறுத்தினான். இஞ்சினை அணைக்கவில்லை. அவளே கதவைத் திறந்து, பிடித்துக்கொண்டு, மெதுவாக இறங்கினாள். தலையணையைத் தட்டிச் சீட்டின் மேலே வைத்தாள். மழை வரும் போலிருக்கிறது, நேரத்தோடு போய்ச் சேருங்கள் என்றாள். சரி என்றான் அவன். கதவைச் சாத்தினாள், சரியாகச் சாத்தவில்லை, மறுபடி திறந்து நன்றாகச் சாத்தினாள். உள்ளே போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முன்னால வாங்கக்கா" என்றான் என்னிடம்.

பரவாயில்லை, பின்னாலேயே வருகிறேன் என்றேன். அந்தச் சீட்டில் போய் உட்கார எனக்கு மனம் வரவில்லை. அவன் வேனை எடுத்தான். செம்மண் மேடு ஏறி வீடு வந்து சேருகிற வரைக்கும் இஞ்சின் ஒரு தடவை கூடத் தட்டவில்லை.